மலைமேல் விட்ட நோன்பு

நோயாளிக்கும் முஸாஃபிருக்கும் ரமளான் நோன்பைப் பிற்பாடு நோற்கச் சலுகை உண்டு என்று பதினெட்டு ஆண்டுகளாக மதரஸாவில் பாடம் நடத்தி வருகிறேன். அச்சலுகை எனக்கே தேவைப்பட்டபோது மனம் இசையவில்லை.

சென்ற ரமளானில், கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலையில் ஆசிரியராகப் பணியாற்றும் என் பழைய மாணவரைக் காணச் சென்றேன். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகப் பேருந்து மலையேறும்போதே தொண்டை கரகரத்தது. மலைக்குளிர் வேறு. ஸஹருக்கு எழுந்தபோது காய்ச்சல். இருமி இருமி நெஞ்சு நொந்தது. "ஹஜ்ரத், இன்று நோன்பு வேண்டாமே" என்று கெஞ்சினார் மாணவர். நான் கேட்கவில்லை. அதை வீம்பு என்றுதான் சொல்லவேண்டும்.

முற்பகலில் மூச்சு இழுக்கத் தொடங்கவே, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் சென்றார். மருத்துவர் இளம்பெண். முதுகில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டார். விரலில் கருவி மாட்டிப் பிராணவாயுவின் அளவைப் பார்த்தார்.

"மூச்சுக்குழல் அழற்சி, ஐயா. நிமோனியா இல்லை. இது பெரும்பாலும் வைரஸால் வருவது; ஆன்டிபயாட்டிக் இப்போது வேண்டாம். நெபுலைசர் வைக்கிறேன். மாத்திரையோடு நிறையச் சுடுநீர் அருந்துங்கள். திணறல் கூடினால் தாமதிக்காமல் கள்ளக்குறிச்சி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு இறங்கிவிடுங்கள்."

நோன்பு என்றேன்.

"இன்று இயலாது, ஐயா."

சுடுநீர்க் குவளையை வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தேன். மாணவர் ஒன்றும் சொல்லவில்லை. என்னிடம் ஃபிக்ஹ் படித்தவர் அல்லவா, பார்வையே போதுமாயிருந்தது. பிஸ்மி சொல்லிப் பருகினேன்.

இருமல் மூன்று வாரம் நீடித்தது. ஊர் திரும்பியதும் பிள்ளைகள், "ஹஜ்ரத், நோன்பை விட்டீர்களா?" என்று வியந்தனர்.

"ஆம், நான்கு" என்றேன். ஷவ்வாலில் களாச் செய்தேன்.