பலர் வாங்கினால் போதுமா?

பினாங்கின் ஜார்ஜ்டவுன் நகரில் உள்ள கெங் குவி சாலைக்குச் சென்றவர்கள், செண்டோல் வாங்க மக்கள் நீண்ட வரிசையில் நிற்பதைக் கண்டிருப்பர். புதிதாக வரும் ஒருவர், ‘இத்தனை பேர் காத்திருந்தால் சுவையாகத்தான் இருக்கும்’ என்று எண்ணித் தாமும் வரிசையில் சேர்ந்துகொள்வார். பிறரைப் பார்த்து முடிவெடுப்பது மனித இயல்பு.

1951-ஆம் ஆண்டில் அமெரிக்க உளவியலாளர் சாலமன் ஆஷ் இவ்வியல்பை ஆராய்ந்தார். கோடுகளின் நீளத்தை ஒப்பிட்டுச் சொல்லும்படி ஒரு குழுவினரிடம் கேட்டார். அவர்களுள் ஒருவரைத் தவிர மற்ற அனைவரும், முன்பே பேசிவைத்தபடி, தவறான விடையைக் கூறினர். இவ்வாறு சோதிக்கப்பட்ட மாணவர்களில் ஏறத்தாழ நான்கில் மூவர், ஒரு முறையேனும் அதே தவறான விடையைக் கூறினர். கண்ணெதிரே இருந்த உண்மையைவிடக் கூட்டத்தின் சொல் வலிமை பெற்றது.

சமூக ஊடகத்தில் இந்தக் கூட்டம் கைப்பேசிக்குள் வந்துவிடுகிறது. விருப்பக்குறிகள், பின்தொடர்வோர் எண்ணிக்கை, ‘இன்னும் சிலவே உள்ளன’ என்ற அறிவிப்பு ஆகியவை வாங்கத் தூண்டுகின்றன. தெருவில் நிற்கும் வரிசையைக் கண்ணால் காணலாம். திரையில் தெரியும் கூட்டத்தையோ பணம் கொடுத்தும் உருவாக்கலாம்.

செண்டோல் சுவைக்காவிட்டால் சில ரிங்கிட்தான் நட்டம். முகத்தை வெண்மையாக்கும் கிரீம் அப்படியன்று. ஜார்ஜ்டவுனில் இயங்கும் பினாங்கு பயனீட்டாளர் சங்கம், பாதரசம் கலந்த கிரீம்களைக் குறித்துப் பலமுறை எச்சரித்துள்ளது. பாதரசம் தோலில் நிறமி உருவாவதைத் தடுப்பதால் முகம் விரைவில் வெளுக்கும். எனவே, ‘எனக்குப் பலன் கிடைத்தது’ என்று பாராட்டுபவர் பொய் சொல்லாமலும் இருக்கலாம். அவர் கண்ணாடியில் முகத்தைத்தான் பார்க்கிறார். சிறுநீரகமும் நரம்புகளும் பாதிக்கப்படுவது கண்ணாடியில் தெரிவதில்லை.

மலேசியாவில் ஒப்பனைப் பொருள்களை விற்பதற்கு முன் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்திடம் அறிவிக்க வேண்டும். அதன் இணையத்தளத்தில் பொருளின் பெயரைத் தேடிப் பார்க்கலாம். நச்சுப்பொருள் கண்டறியப்பட்டதால் அறிவிப்பு ரத்து செய்யப்பட்ட பொருள்களின் விவரங்களையும் அந்நிறுவனம் வெளியிடுகிறது. ஏமாற்றப்பட்டவர்கள், 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த நடுவர் மன்றத்தில் இழப்பீடு கோரலாம்.

தீர விசாரிப்பதே மெய் என்பர் பெரியோர். ‘எத்தனை பேர் வாங்கினர்?’ என்பதோடு நிற்காமல், ‘இதில் என்ன கலந்துள்ளது?’ என்றும் கேட்பவரே விழிப்புள்ள பயனீட்டாளர்.