தாத்தா படித்த ஒரே வார்த்தை

(மூன்றாமாண்டு சிவில் மாணவி)



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டதும் திருதிருவென்று முழித்தேன். கதை, கவிதையெல்லாம் எனக்கு வராது. அதனால் எனக்குத் தெரிந்த ஒன்றை எழுதுகிறேன். எங்க ஊர் ரயிலடியைப் பற்றி.

என் ஊர் போடிநாயக்கனூர். மேற்கே பார்த்தால் மலை, மலைக்கு அந்தப் பக்கம் கேரளா. அங்கே விளையும் ஏலக்காய் போடிமெட்டு வழியாக இறங்கி எங்க ஊருக்குத்தான் வரும். ஏலக்காய், காப்பி, இலவம்பஞ்சு என்று ஊரே மூட்டையும் சாக்குமாக இருக்கும். மதுரையிலிருந்து உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி வழியாக இந்த ஊருக்கு 1928-இல் ரயில் வந்தது. சுமார் 90 கிலோமீட்டர், மீட்டர் கேஜ் பாதை.

ஆனால் வந்த ரயில் நிலைக்கவில்லை. இரண்டாம் உலகப் போர் நடந்தபோது, 1942-இல், தண்டவாளத்தையே பெயர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். யுத்தம் முடிந்தும் ரயில் வரவில்லை. 1953-54-இல்தான் மறுபடி பாதை போட்டார்கள்.

அந்த வேலைக்கு மண் சுமந்தவர்களில் என் தாத்தாவின் அய்யாவும் ஒருவர். அவருக்குக் கஞ்சித் தூக்கு கொண்டுபோன எட்டு வயசுப் பையன்தான் என் தாத்தா. பள்ளிக்கூடப் பக்கமே போகாதவர். பெரியவனானதும் அதே ரயிலடியில் மூட்டை தூக்கினார். அங்கே இருந்த பாயின்ட்ஸ்மேன் ஒருத்தர், வண்டி இல்லாத நேரத்தில் கரித்துண்டை வைத்துத் தரையில் எழுதி, மஞ்சள் போர்டில் இருந்த ஊர்ப் பெயரை எழுத்து எழுத்தாகச் சொல்லிக் கொடுத்தாராம். போ... டி... நா... ய... என்று. அந்த ஒரு வார்த்தைதான் தாத்தாவின் படிப்பு. சாக்கில் ஏலக்காய் என்று அச்சடித்திருந்தால், "ஏத்தா, இது நம்ம போர்டுல இருக்கிற 'க்'தான?" என்று கேட்பார். அவ்வளவு சந்தோஷம்!

2010 டிசம்பர் 31-உடன் மீட்டர் கேஜ் ரயிலை நிறுத்தினார்கள். அகலப்பாதை ஆக்கப் போகிறோம் என்று இரண்டாம் முறையாகத் தண்டவாளம் பெயர்ந்தது. அப்போது எனக்கு மூணு வயசு. நான் ரயிலையே பார்க்காமல்தான் வளர்ந்தேன். ரயிலடியில் கருவேல முள்தான் வளர்ந்தது. தாத்தாவுக்குத் தூக்க மூட்டை இல்லை. அம்மா விடியுமுன் ஜீப்பில் ஏறி மலைக்குப் போய் ஏலக்காய் எடுத்து, இருட்டிய பிறகு வீடு திரும்புவாள். அந்தக் கூலியில்தான் எங்கள் அடுப்பு எரிந்தது.

மீட்டர் கேஜ் 1000 மில்லிமீட்டர், பிராட் கேஜ் 1676 மில்லிமீட்டர். வித்தியாசம் 676 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட ஒன்றரை முழம்! இதுக்கா பன்னிரண்டு வருஷம் என்று நானும் ஊரோடு சேர்ந்து திட்டியிருக்கிறேன். சிவில் படிக்க வந்தபிறகுதான் விஷயம் புரிந்தது. தண்டவாளத்தைத் தள்ளி வைத்தால் போதாது. மண்கரையை அகலமாக்கணும், பாலங்களைப் புதுசாகக் கட்டணும், வளைவுகளைத் திருத்தணும், ஆண்டிபட்டிக் கணவாயில் பாறையை வெட்டணும். ஆனால் ஒன்று. அதற்கெல்லாம் கணக்கு இருக்கிறது. காத்திருந்த சனங்களின் கஷ்டத்துக்குத்தான் எந்த எஸ்டிமேட்டிலும் காலம் இல்லை.

2022 மே மாதம் தேனி வரை ரயில் வந்தது. போடிக்கு வந்தது 2023 ஜூன் 15-இல். அந்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. நான் பத்தாவது பாஸாகியிருந்தேன். "படிச்சது போதும், நாளையிலேர்ந்து நீயும் ஜீப்புல வா" என்று அம்மா சொல்லிவிட்டாள். அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன். வீட்டில் அவ்வளவு கடன்.

அன்றைக்குத் தாத்தா என்னை ரயில் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனார். ஊரே திரண்டு நின்றது. மேளம், மாலை, விசில் சத்தம்! தாத்தா ரயிலைப் பார்க்கவில்லை. புது போர்டுக்கு நேராகப் போய் நின்று, விரலை நீட்டி, ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். ஒரு எழுத்துகூட மறக்கவில்லை.

ராத்திரி வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் சொன்னார்: "ஒரு வார்த்தை படிக்கவே எனக்கு ஒரு ஆள் வேண்டியிருந்துச்சு. இவ தானாப் படிக்கிறா. இவளைப் போய் ஜீப்புல ஏத்துறியே, தாயி!"

அம்மா பதில் பேசவில்லை. மறுநாள் விடியலில் ஜீப் வந்தது. அம்மா மட்டும் ஏறினாள். அந்த வாரமே பாலிடெக்னிக் அப்ளிகேஷன் வாங்கினேன்.

தோழர்களே, நம்மில் பாதிப்பேர் வீட்டில் நாம்தான் முதல் படிப்பு. நம்மை இங்கே அனுப்ப யாரோ ஒருவர் வீட்டில் வாதாடியிருப்பார். லீவுக்குப் போகும்போது அவர் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்காருங்கள். ஊர்க் கதை கேளுங்கள். அது எந்தப் புத்தகத்திலும் இருக்காது.

நான் இப்போது தாத்தாவுக்கு என் பெயரை எழுதச் சொல்லிக் கொடுக்கிறேன். அதில் இரண்டு எழுத்து ஸ்டேஷன் போர்டில் இல்லை. அங்கேதான் திணறுகிறார்!