பெலே ஆடாத நான்கு ஆட்டங்கள்

தென்னமெரிக்காவின் மேலைக் கடற்கரையில், ஒரு நெடிய நாடாவை விரித்தாற்போல நீண்டும் ஒடுங்கியும் கிடப்பது சிலி நாடு. ஒருபால் ஆண்டீஸ் மலைத்தொடர். மற்றொருபால் பசிபிக் பெருங்கடல். 1960-ஆம் ஆண்டு மே மாதத்தில் அந்நாட்டின் தென்பகுதியைப் பெரியதொரு நிலநடுக்கம் உலுக்கியது. ஊர்கள் இடிந்தன, கடல் பொங்கிக் கரையோரத்தை அழித்தது. அத்துயரிலிருந்து முற்றும் மீளுமுன்னரே, இரண்டு ஆண்டுகள் கழித்து, உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டியை அந்நாடு ஏற்று நடத்தியது. போட்டியிற் கலந்துகொண்ட நாடுகள் பதினாறு. அவற்றுள் பிரேசில் நாட்டின்மேலேயே எல்லாருடைய கண்ணும் இருந்தது. 1958-ஆம் ஆண்டு சுவீடனில் கோப்பையை வென்ற அணி அது. அவ்வாண்டு இறுதி ஆட்டத்தில் இறங்கிய பதினொருவருள் பதின்மர் சிலிக்கும் வந்திருந்தனர். அவர்களுள் ஒருவர் பெலே. சுவீடனில் ஆடியபோது அவருக்கு வயது பதினேழு. சிலிக்கு வந்தபோது இருபத்தொன்று.

மே 30-ஆம் நாள், வீன்யா டெல் மார் என்னும் கடற்கரை நகரில் பிரேசில் தன் முதல் ஆட்டத்தை ஆடி மெக்சிகோவை 2-0 என்று வென்றது. ஒரு கோலைச் சகாலோ போட்டார், மற்றொன்று பெலேயினுடையது. மூன்று நாள் கழித்து, ஜூன் 2-ஆம் நாள், அதே களத்தில் செக்கோஸ்லோவாக்கியா அணியோடு இரண்டாம் ஆட்டம். தொடங்கி அரைமணி நேரங்கூட ஆகவில்லை. பெலே நெடுந்தொலைவிலிருந்து பந்தை ஓங்கி உதைத்தார். பந்து கோல் கம்பத்தில் மோதித் திரும்பிற்று. அடுத்த கணம் பெலே தொடையைப் பற்றிக்கொண்டு நின்றுவிட்டார். எவரும் அவரை இடிக்கவில்லை. எவரும் காலை இடறவில்லை. தொடையிடுக்கில் தசை இழுத்துக்கொண்டது, அவ்வளவே. உலகிலேயே சிறந்தவர் எனப்பட்ட ஆட்டக்காரர் ஓட இயலாதவரானார்.

இக்காலத்தில் ஆட்டக்காரர் ஒருவருக்கு அடிபட்டால் வெளியிலிருந்து மற்றொருவர் இறங்குவதை எல்லாரும் பார்க்கின்றனர். அந்நாளில் அவ்விதி இல்லை. உலகக் கோப்பைப் போட்டியில் மாற்று ஆட்டக்காரரை இறக்கலாம் என்னும் விதி 1970-ஆம் ஆண்டில்தான் முதன்முதல் நடைமுறைக்கு வந்தது. ஆகவே பெலே வெளியேறினால் பிரேசில் பதின்மரோடு ஆடவேண்டும். உள்ளே நின்றாலோ, நடக்க மட்டும் வல்ல ஒருவரைப் பதினொன்றாமவராகக் கொண்டு ஆடவேண்டும். அக்கால அணிகள் இத்தகைய இடுக்கணில் கையாண்ட முறை ஒன்று உண்டு. அடிபட்டவரை நடுவிலிருந்து விலக்கி, களத்தின் ஓரத்தில் நிறுத்துவர். நடுவில் நிற்பவர் நாற்புறமும் திரும்பவேண்டும். ஓரத்தில் நிற்பவருக்கு ஒருபுறம் எல்லைக்கோடே துணை. அவர் பந்தை ஆடாவிட்டாலும், அவர் அருகில் எதிரணியினர் ஒருவர் காவல் நிற்க வேண்டியிருக்கும். பெலேயும் அவ்வாறே இடப்புற ஓரத்துக்கு அனுப்பப்பெற்றார்.

அவ்வாட்டத்தில் எவரும் கோல் போடவில்லை. ஆயினும் நினைவில் நிற்கத்தக்க செயல் ஒன்று அதில் நிகழ்ந்தது. பெலேயிடம் பந்து வந்தபோதெல்லாம், எதிரணியின் மசோபுஸ்டும் அவருடைய தோழர் சிலரும் அவரை நெருங்குவர். ஆனால் மோதிப் பந்தைப் பறிக்கமாட்டார். அவர் பந்தைத் தட்டிவிடும்வரை எதிரே நின்று பொறுத்திருப்பர். காயமுற்ற காலின்மேல் ஒரு மோதல் போதும், அவருடைய ஆட்ட வாழ்வையே கெடுத்துவிட. வெற்றி தோல்வி முடிவாகாத நேரத்தில் அவர்கள் அவ்வாறு ஒதுங்கி நின்றனர். பெலே முதுமையிலும் இதனை நன்றியோடு நினைவுகூர்ந்து வந்தார்.

அடுத்த ஆட்டம் ஜூன் 6-ஆம் நாள், ஸ்பெயினோடு. இடையில் இருந்தவை மூன்றே நாட்கள். அதற்குள் பெலேயின் கால் தேறாது என்பது தெளிவாயிற்று. பயிற்சியாளர் அய்மொரே மொரெய்ரா என்ன செய்வார் என்பதே எங்கும் பேச்சு.

அவர்முன் நின்ற சிக்கலை உணர்ந்துகொள்ள, அணிவகுப்பு இன்னதென்று அறிதல் வேண்டும். கோல் காப்பவர் நீங்கலாக எஞ்சிய பதின்மரும் களத்தில் பிரிந்து நிற்கும் முறையே அணிவகுப்பு. போர்க்களத்தில் முன்செல்லும் படையைத் தூசி என்றும், பின்னிற்கும் படையைக் கூழை என்றும் பழந்தமிழர் பெயரிட்டு வழங்கினர். ஆட்டக்களத்திலும் அத்தகைய பகுப்பு உண்டு. 1958-இல் பிரேசில் கையாண்ட முறை 4-2-4 எனப்படும். காவலுக்குப் பின்னே நால்வர், நடுக்களத்தில் இருவர், தாக்குதலுக்கு முன்னே நால்வர். முன்னணி நால்வருள் காரிஞ்சா வலப்புற ஓரம். சகாலோ இடப்புற ஓரம். நடுவில் வாவாவும் பெலேயும். வாவா எதிரியின் கோலை ஒட்டியே நின்று, பின்காவலரைத் தம்பால் ஈர்த்து வைப்பார். பெலே சற்றுப் பின்னிருந்து, அவ்வாறு பிறந்த இடைவெளியிற் புகுவார். நடுக்களத்தில் ஜீட்டோ காப்பார்; டிடி பந்தை வழங்குவார்.

இதிலிருந்து பெலேயை எடுத்துவிட்டால் கெடுவது ஓரிடம் அன்று. டிடி வழங்கும் பந்தை ஏற்க ஆளில்லை. வாவா திறந்த வழியிற் புக ஆளில்லை. எதிரணியினர் இருவரும் மூவருமாகப் பெலேயைச் சூழ்ந்து நின்ற காலத்தில் ஓரங்களில் காரிஞ்சாவுக்குக் கிடைத்த ஓய்வும் இனிக் கிடைக்காது. வீட்டின் உத்தரத்தில் ஒரு மரத்தை உருவினால் பிற மரங்களின்மேல் ஏறும் பாரம் போன்றது இது.

பெலேக்கு நிகரான மற்றொருவரைத் தேடுதல் வீண். அப்படி ஒருவர் எந்நாட்டிலும் இல்லை. முன்னணியில் ஒருவரைக் குறைத்துக் காவலைப் பெருக்கிக்கொள்ளலாம். ஆனால் அவ்வணி தாக்கி ஆடியே பழகியது. டிடிக்கு வயது முப்பத்துமூன்று. பின்காவலர் நில்டன் சாந்தோசுக்கு முப்பத்தேழு. பந்தைத் தம்மிடமே வைத்து ஆடுவோர்க்கு முதுமை தெரியாது. எதிரியின் பின்னே ஓட நேர்ந்தால் தெரிந்துவிடும்.

மொரெய்ரா தேர்ந்தெடுத்தவர் அமரில்டோ என்னும் இளைஞர். 20 என்னும் எண் பொறித்த சட்டை அணிந்து அதுவரை வெளியிலிருந்தவர். அவர் ரியோ டி ஜனீரோ நகரின் பொட்டபோகோ கழகத்து ஆட்டக்காரர். காரிஞ்சா, டிடி, சகாலோ, நில்டன் சாந்தோஸ் ஆகிய நால்வரும் அதே கழகத்தவரே. இது சிறிய செய்தியாகத் தோன்றும். ஆனால் இத்தேர்வின் உயிர்நிலை இதுவே. டிடியின் பந்து எப்போது வரும், சகாலோ எந்நேரத்தில் பந்தைக் குறுக்கே அனுப்புவார், காரிஞ்சா இருவரை ஏமாற்றிவிட்டு மூன்றாமவரையும் ஏமாற்ற நிற்பாரா என்பனவெல்லாம் அமரில்டோவுக்குப் பல நாட் பழக்கம். மூன்று நாளிற் கற்பிக்க இயலாத பாடத்தை அவர் முன்னமே கற்றிருந்தார்.

மற்றொரு துணை சகாலோ. பெயரளவில் அவர் முன்னணி ஆட்டக்காரர். ஆனால் பந்து எதிரியிடம் சென்றதும் நடுக்களத்துக்கு ஓடிவந்து காத்து நிற்பார். பந்து மீண்டதும் முன்னே ஓடுவார். ஓய்வின்றி ஓடியதால் அவரைச் 'சிற்றெறும்பு' என்று அந்நாட்டார் செல்லப் பெயரிட்டு அழைத்தனர். அவருடைய ஓட்டத்தால் 4-2-4 என்னும் வகுப்பு வேண்டியபோது 4-3-3 ஆக மாறும். நடுவில் மூவர் நிற்க, டிடியின் சுமையும் ஜீட்டோவின் சுமையும் குறைந்தன. பெலே இருந்தபோது இவ்வழக்கம் ஓர் அணிகலன் போல இருந்தது. அவர் இல்லாதபோது அதுவே ஊன்றுகோலாயிற்று.

ஸ்பெயின் அணியில் ஹங்கேரியிற் பிறந்த பெரும்புகழ் ஆட்டக்காரர் புஷ்காஷ் ஆடினார். முப்பத்தைந்தாம் நிமிடத்தில் ஸ்பெயினே முதல் கோலைப் போட்டது. இடைவேளை கடந்தது, ஐம்பது, அறுபது, எழுபது நிமிடங்களும் கடந்தன. தோற்றால் கோப்பைக் கனவு அன்றோடு முடியலாம். எழுபத்திரண்டாம் நிமிடத்தில் இடப்புறமிருந்து சகாலோ பந்தைக் குறுக்கே அனுப்பினார். அமரில்டோ அதைக் கோலாக்கினார். எண்பத்தாறாம் நிமிடத்தில் வலப்புறத்தில் காரிஞ்சா காவலரைக் கடந்து பந்தை உயர அனுப்பினார். அமரில்டோ அதைத் தலையால் முட்டி உள்ளே செலுத்தினார். 2-1. பெலேயின் இடத்தில் நின்றவர் பெலேயைப் போல ஆட முயலவில்லை. தனியே பலரைக் கடக்க எண்ணவில்லை. பந்து வரும் இடத்தில் வரும் வேளையில் சென்று நின்றார்.

ஆனால் அணிவகுப்பில் நிகழ்ந்த பெரிய மாற்றம் அமரில்டோவிடம் இல்லை, காரிஞ்சாவிடம் இருந்தது. காரிஞ்சாவின் கால்கள் இரண்டும் வளைந்தவை. ஒன்று மற்றொன்றினும் குட்டை. அவர் ஓடுவதே வியப்பு என்று எண்ணுமாறு அமைந்த உடல். 1958-இல் வலப்புற எல்லைக்கோட்டை ஒட்டியே அவர் ஆடினார். காவலரை ஏமாற்றிப் பந்தை உள்ளே அனுப்புவதே அவர் தொழில். கோல் போடுவது பிறர் தொழில். பெலே விலகியபின் அக்கட்டு அவிழ்ந்தது. கோட்டை விட்டு அவர் நடுப்பகுதிக்கும் வந்தார்; இடப்புறத்துக்கும் சென்றார். ஜூன் 10-ஆம் நாள் காலிறுதியில் இங்கிலாந்துக்கு எதிராக ஆடியபோது, உயரத்தில் மிக்க காவலர்களுக்கிடையே எழும்பித் தலையால் ஒரு கோல் போட்டார். நெடுந்தொலைவிலிருந்து வளைத்து உதைத்து மற்றொன்று போட்டார். இரண்டுக்கும் இடையே அவர் உதைத்த பந்து கோல் காப்பவரின் கையிலிருந்து நழுவ, வாவா அதைத் தலையால் முட்டிக் கோலாக்கினார். 3-1 என்று பிரேசில் வென்றது. அன்றைய ஆட்டத்தில் நாய் ஒன்று களத்திற் புகுந்து காரிஞ்சாவிடமும் அகப்படாமல் ஓடிற்று என்பதும், இங்கிலாந்தின் கிரீவ்ஸ் தவழ்ந்து சென்று அதைப் பிடித்தார் என்பதும் ஆட்டத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் வேடிக்கைகள்.

ஜூன் 13-ஆம் நாள் தலைநகர் சாந்தியாகோவில், சிலியின் சொந்த மக்கள் ஆரவாரிக்க, அரையிறுதி. காரிஞ்சா இரண்டு கோல், வாவா இரண்டு கோல். 4-2 என்று பிரேசிலுக்கே வெற்றி. ஆனால் ஆட்டம் முடியுந் தறுவாயில், தம்மை ஓயாது இடறிய எதிரணியினருள் ஒருவரைக் காரிஞ்சா காலால் உதைத்தார். நடுவர் அவரைக் களத்தை விட்டு வெளியேற்றினார். பெலேயின் இடத்தை நிரப்ப யாரை நம்பினார்களோ, அவரையும் இழக்கும் நிலை வந்தது. பிறர் செய்த குற்றத்தை எண்ணி இதைப் பொறுக்கலாம் என்பார் உளர்; நடுவர் செய்ததே முறை. பின்னர் விசாரணை நடந்தது. இறுதி ஆட்டத்தில் ஆட அவருக்குத் தடை விதிக்கப்படவில்லை.

இறுதியில் எதிர்ப்பட்டவர் மீண்டும் செக்கோஸ்லோவாக்கியரே. ஜூன் 17-ஆம் நாள், பதினைந்தாம் நிமிடத்தில், முன்பு பெலேயை மோதாமல் விட்ட அதே மசோபுஸ்ட் முதல் கோலைப் போட்டார். இரண்டே நிமிடத்தில் அமரில்டோ இடப்புறக் கோல்கோட்டின் அருகே பந்தைக் கொண்டு சென்றார். அவர் குறுக்கே அனுப்புவார் என்று கருதிக் கோல் காப்பவர் ஓரடி விலக, கம்பத்துக்கும் அவருக்கும் இடையே இருந்த சிறு வழியில் பந்தைச் செலுத்திவிட்டார். காரிஞ்சாவின்மேல் காவல் மிகுந்திருந்தமையால் பிறருக்கு இடம் கிடைத்தது. அறுபத்தொன்பதாம் நிமிடத்தில் அமரில்டோ உயர அனுப்பிய பந்தை, காக்கும் தொழிலுடைய ஜீட்டோ முன்னே ஓடிவந்து தலையால் முட்டினார். எழுபத்தெட்டாம் நிமிடத்தில் வாவா மூன்றாம் கோலைப் போட்டார். 3-1. தலைவர் மௌரோ கோப்பையை உயர்த்திக் காட்டினார்.

அணியோடு வந்தவர் இருபத்திருவர். ஆறு ஆட்டங்களிலும் சேர்த்துக் களத்தில் இறங்கியோர் பன்னிருவரே. முதல் ஆட்டத்தின் பதினொருவரும் அமரில்டோவும். 1966-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் நடந்த போட்டியிலும் பெலே அடிபட்டார். அப்போது பிரேசில் ஆட்டத்துக்கு ஆட்டம் ஆட்டக்காரரைப் பெருமளவில் மாற்றிப் பார்த்தது; ஹங்கேரியிடமும் போர்ச்சுகலிடமும் 3-1 என்று தோற்று, முதற் சுற்றிலேயே வெளியேறிற்று.

1962-இல் வெற்றிப் பதக்கம் இறுதி ஆட்டத்தில் ஆடிய பதினொருவர்க்கு மட்டுமே அளிக்கப்பெற்றது. பெலேக்கு அது கிடைக்கவில்லை. நாற்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, 2007-ஆம் ஆண்டு நவம்பரில், அப்பதக்கம் அவருக்கும் உரியது என்று உலகக் கால்பந்துக் கழகம் அறிவித்தது. அப்போது அவருக்கு வயது அறுபத்தேழு.