லயமில்லாத மலைநாடு

1867ஆம் ஆண்டிற் புகையிரதம் கண்டியை அடைந்தது. அதே ஆண்டில், கலஹாவுக்கு அயலிலுள்ள லூல்கந்துரவில், ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். கொழுந்து சுமந்த தோள்கள் லயங்களில் உறங்கின. தேயிலையோ புகையிரதமேறிக் கொழும்புக்கு இறங்கிற்று.

எமது மாணவர் அமைத்த மாதிரிப் புகையிரதப் பாதையிலே கோச்சி ஓடிற்று. தொழிற்சாலைச் சக்கரம் சுழன்றது. துரை பங்களாவில் விளக்கெரிந்தது. லயத்தை மட்டும் காணோம்.

"அது அழகா இருக்காதுங்க சேர்" என்றான் ஒருவன்.

அவனுடைய பாட்டனாரின் காம்பராவை அளந்துவரச் சொன்னோம். அந்த அளவைச் சுருக்கித் தீப்பெட்டிகளால் லயம் எழுப்பினர். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்பின் தலைமன்னார் வழியே இந்தியா சென்றோரை நினைந்து, நிலைய மேடையில் தகரப்பெட்டியுடன் ஒரு குடும்பத்தையும் நிறுத்தினர்.

உழைத்தவனுக்கு இடமில்லாத மலைநாடு, பொம்மையாயினும் பொய்யே.