குறுக்கு விசையும் நேர்வழியும்

குறுக்கு வழி என்னும் தொடருக்கு நம்மிடையே நற்பெயர் இல்லை. குறுக்கு வழியில் பொருள் சேர்த்தவன், குறுக்கு வழியில் பதவி பெற்றவன் என்று பழிக்கவே அதனை எடுத்தாள்கிறோம். ஆயினும், வயலைச் சுற்றிச் செல்லும் வண்டிப்பாதையை விடுத்து வரப்பின்மேல் நடந்து வீடு சேரும் உழவனை எவரும் பழித்ததில்லை. எவ்விடத்தில் மடை வெட்டியிருக்கிறது, எவ்விடத்தில் வழுக்கும் என்பதை இருளிலும் அவன் கால் அறியும். கணினியில் எழுதுவோர் குறுக்கு விசை என வழங்குவது இவ்வரப்பு வழியைத்தான். பட்டியலைத் திறந்து, சுட்டியை நகர்த்தி, தேடிப் பிடித்துச் செய்யவேண்டிய ஒரு செயலை இரண்டு மூன்று விசைகளைத் தட்டி முடித்துவிடுவதே அது. அத்தகைய விசைகளை நாமே வகுத்துக்கொள்ளும்போது அவற்றை எவ்வாறு ஒழுங்குபடுத்துவது என்பது பற்றி இம்மலரின் வாசகர்களோடு சில எண்ணங்களைப் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். இது பொறியாளர்களுக்கு மட்டும் உரிய செய்தியன்று. பிறமொழி வழங்கும் ஊரில் வாழ்ந்துகொண்டு தமிழ் எழுத விரும்பும் எல்லாக் குடும்பங்களுக்கும் உரியது என்பது என் துணிபு.

நான் 1978-ஆம் ஆண்டு சிகந்தராபாத்துக்கு வந்தவன். தட்டச்சிலும் சுருக்கெழுத்திலும் ஹையர் தேறிய இரண்டு சான்றிதழ்களே அன்று என்னிடம் இருந்த செல்வம். 1806-இல் படைமுகாமாகத் தோன்றிய இவ்வூருக்குச் சென்னை மாகாணப் படையோடும், பின்னர் இரயில்வேயோடும் வந்து சேர்ந்த தமிழர் பலர். அவர்களுடைய பேரர்களும் கொள்ளுப்பேரர்களும் பத்மாராவ் நகரிலும் மாரேட்பள்ளியிலும் லாலாகுடாவிலும் இன்றும் வாழ்கின்றனர். என் அலுவலகத்தில் மூத்த சுருக்கெழுத்தாளர் ஒருவர் இருந்தார். யாவரும் அவரை 'அண்ணா' என்றே அழைப்போம். ஞாயிறுதோறும் அவர் இக்குடும்பங்களின் வீடுகளுக்குச் சென்று, முதியோரிடம் 'உங்கள் பாட்டனார் எந்த ஊரிலிருந்து, எந்த வேலைக்கு வந்தார்?' என்று கேட்டு, அவர்கள் சொல்வதைச் சொன்னபடியே பிட்மன் முறையைத் தழுவிய தமிழ்ச் சுருக்கெழுத்தில் பதிவு செய்துகொள்வார். ஓய்வு பெற்றபின் விரித்தெழுதி நூலாக்குவது அவர் எண்ணம். அதற்குக் காலம் இடங்கொடுக்கவில்லை.

அவர் மறைந்தபின் அவருடைய துணைவியார் பதினொரு குறிப்பேடுகளை ஒரு துணிப்பையில் வைத்து என்னிடம் தந்தார். "இதைப் படிக்கத் தெரிஞ்சது நீ ஒருத்தன்தான் தம்பி" என்றார். கோடுகளின் தடிப்பும் மென்மையும், வளைவுகளும் கொக்கிகளும் எனக்குப் பழக்கமானவை. வாக்கியங்களை எளிதில் வாசித்தேன். ஆனால், அடிக்கடி வரும் ஆட்பெயர்களுக்கும் தெருப்பெயர்களுக்கும் அண்ணா தமக்கெனத் தனிக் குறிகளை வகுத்திருந்தார். நல்ல சுருக்கெழுத்தாளர் எவரும் செய்வதுதான் அது. வேகம் அதனாலேயே வரும். அக்குறிகளின் பொருள் அவர் நெஞ்சில் மட்டும் இருந்தது. ஒருவர் தஞ்சையிலிருந்து வந்ததும், பட்டறையில் கொல்லுவேலை பார்த்ததும், காலராவில் இரு மக்களை இழந்ததும் ஏட்டில் தெளிவாக உள்ளன. அவர் யார் என்ற இடத்தில் ஒரு சிறு வட்டமும் வாலும் நிற்கின்றன. வாழ்க்கை இருக்கிறது, பெயர் இல்லை.

இந்த இடர் சுருக்கெழுத்துக்கு மட்டும் உரியதன்று. 1970-களில் அமெரிக்காவின் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துச் செயற்கை நுண்ணறிவு ஆய்வுக்கூடத்தில் 'டெக்கோ' என்றொரு உரைத்தொகுப்பான் வழங்கிவந்தது. அதனைக்கொண்டு ஒவ்வொருவரும் தத்தம் விருப்பப்படி விசைக் கட்டளைகளைப் புனைந்துகொண்டனர். நாளடைவில், ஒருவர் மற்றொருவருடைய முனையத்தில் அமர்ந்தால் ஒரு வரியைத் திருத்தவும் இயலாத நிலை தோன்றிற்று. கை ஸ்டீல் என்பவர் இப்பலவகைக் கட்டளைகளைத் திரட்டி ஒருமுகப்படுத்தத் தொடங்கினார். ரிச்சர்டு ஸ்டால்மன் அப்பணியில் இணைந்து அதனை நிறைவேற்றினார். 1976-இல் பிறந்த அத்தொகுப்பான்தான் ஈமாக்ஸ். இன்றும் உலகெங்கும் எழுதுவோர் பயன்படுத்தும் ஒரு கருவி, தனித்தனிக் குறுக்கு விசைகளால் விளைந்த குழப்பத்தைத் தீர்க்கும் முயற்சியில் பிறந்தது என்பது எண்ணத்தக்கது.

அதே காலத்தில் கலிபோர்னியாவில் பில் ஜாய் என்பவர் 'விஐ' என்னும் தொகுப்பானை ஆக்கினார். அதில் இடப்புறம், கீழ், மேல், வலப்புறம் என நகர்வதற்கு எச், ஜே, கே, எல் என்னும் நான்கு விசைகள் அமைந்தன. அவர் பயன்படுத்திய ஏ.டி.எம்.-3ஏ என்னும் முனையத்தில் அந்நான்கு விசைகளின் மேலேயே அம்புக்குறிகள் பொறிக்கப்பட்டிருந்தன என்பதே காரணம். அந்த முனையம் வழக்கொழிந்தது. விரல் பழக்கம் நிலைத்துவிட்டது. ஒரு விசையின் காரணத்தை எங்கேனும் எழுதிவைத்தாலன்றிப் பின்வருவோர்க்கு அது புதிராகவே தோன்றும்.

தமிழர்க்கு இவ்வகையில் ஒரு தனி நல்வாய்ப்பு உண்டு. ஈழத்தில் பிறந்து மலாயாவில் வாழ்ந்த ஆர். முத்தையா தமிழ்த் தட்டச்சுப்பொறிக்கு விசைப்பலகை வகுத்தபோது, இத்தனை எழுத்துகளை எவ்வாறு ஒரு பொறிக்குள் அடக்குவது என்ற கேள்வியை எதிர்கொண்டார். புள்ளிக்கும் விசிறிக்கும் நகரா விசைகளை அமைத்து அதற்கு விடை கண்டார். புள்ளியை முதலில் தட்டுவோம், உருளை நகராது, பின்னர் மெய்யைத் தட்டினால் புள்ளி அதன் தலைமேல் அமர்ந்திருக்கும். நான் பயின்றது அம்முறையே. 1999-இல் சென்னையில் நிகழ்ந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டி வகுக்கப்பெற்ற தமிழ்-99 விசைப்பலகை வேறொரு வழியைக் கண்டது. உயிர் பன்னிரண்டும் இடக்கைக்கு; மெய் பதினெட்டும், மிகப் பெரும்பாலும், வலக்கைக்கு. 247 எழுத்துகளும் 31 விசைகளில் அடங்கிவிடுகின்றன. 'அம்மா' என்று எழுத அ, ம, ம, ஆ என நான்கு விசைகள் போதும். இரட்டித்து வரும் மெய்யின் முதலெழுத்துக்குப் புள்ளி தானே வந்துவிடும். ங-வை அடுத்துக் க வந்தாலும், ந-வை அடுத்துத் த வந்தாலும் அவ்வாறே. நம் இலக்கணம் இன எழுத்து என்று கூறிய உறவே இங்குக் குறுக்கு விசையாகியிருக்கிறது. தனியொருவர் மனப்போக்கில் எழாமல் மொழியின் இயல்பிலிருந்தே எழுந்த சுருக்கமாதலால், கற்றவர் எவரும் அதனை மறப்பதில்லை.

ஓய்வு பெற்றபின் அண்ணாவின் பணியைக் கணினியில் தொடரலானேன். பெயர் தெரிந்த முதியோர் இன்னும் சிலர் இருந்தனர். அவர்களைக் கேட்டுப் பதிய வேண்டியிருந்தது. ஒரே வாக்கியத்தில் தமிழும், தெலுங்கு ஊர்ப்பெயரும், உருதுச் சொல்லும் கலந்துவரும். மாரேட்பள்ளியை ஒரு பக்கத்தில் ஒருவாறும் மறுபக்கத்தில் வேறுவாறும் எழுதினால் பின்னர்த் தேடியெடுக்க இயலாது. ஆகவே, பெயர்களுக்குக் குறுக்கு விசைகள் வேண்டியவாயின. குறிப்பேடுகளின் நினைவோ என்னை எச்சரித்துக்கொண்டே இருந்தது.

இங்கே ஒரு வேறுபாட்டைத் தெளிவாகக் காணவேண்டும். சுருக்கெழுத்தில் குறியே தாளில் நிற்கும். குறியின் பொருள் மறைந்தால் பெயரும் மறையும். குறுக்கு விசையிலோ விசை விரலோடு போய்விடும். தாளில் முழுப்பெயர் நிற்கும். எனவே எழுதியது அழியாது. அழியக்கூடியது எழுதும் முறை. ஒருவர் கை ஓய்ந்ததும் அவர் வகுத்த முறையை மற்றவர் எடுத்தாள முடியாவிடில் பணி அங்கேயே நின்றுவிடும். முதியோரிடம் கேட்டுப் பதியும் பணியோ நிறுத்திவைத்துப் பின்னர்த் தொடரத்தக்கதன்று.

முதலில் இடம் பார்த்தேன். ஈமாக்ஸில் கன்ட்ரோல் விசையோடு 'சி'-யைத் தட்டி, அடுத்து ஓர் ஆங்கில எழுத்தைத் தட்டும் கட்டளைகள் யாவும் பயன்படுத்துவோருக்கென்றே விடப்பட்டவை என்பது மரபு. வேறு நிரல்கள் அங்கே கை வைப்பதில்லை. விம் என்னும் தொகுப்பானில் இதற்கென 'லீடர்' என்றொரு முன்விசை உண்டு. இது வீட்டுக்காரருக்கென ஒதுக்கிய கொல்லைப்புறம். அங்கே எதை நட்டாலும் பிறர் வழியை அடைக்காது.

அடுத்து, வகை பிரித்தேன். பெயர், இடம், காலம் என்று மூன்றே குடும்பங்கள். பெயருக்கு ப, இடத்துக்கு இ, காலத்துக்குக் க. தமிழ்-99 பலகையில் இவை முறையே ஜே, எஸ், எச் என்னும் விசைகளில் அமைந்துள்ளன. மூன்றும் விரல்கள் இயல்பாகத் தங்கும் நடுவரிசையில் உள்ளவை. விசையின் மேல் ஆங்கில எழுத்து இருந்தாலும், விரல் நினைவில் வைப்பது தமிழ் எழுத்தையே. இடத்துக்குரிய எழுத்தை அடுத்து ம-வைத் தட்டினால் மாரேட்பள்ளி. ல-வைத் தட்டினால் லாலாகுடா. புதிதாக வருபவர் எதையும் மனப்பாடம் செய்யவேண்டியதில்லை, ஊகித்தாலே போதும். ஊகித்து அறியத்தக்கதே நல்ல ஒழுங்கு என்பேன்.

மொழிமாற்றத்திலும் ஒரு நுட்பம் உண்டு. கணினி முழுவதையும் தமிழ் விசைப்பலகைக்கு மாற்றிவிட்டால், விம்மில் கீழே இறங்க ஜே-யைத் தட்டும்போது ப என்ற எழுத்தே சென்று சேரும், கட்டளை நடவாது. தொகுப்பானுக்குள்ளேயே அமைந்த தமிழ் உள்ளீட்டு முறையைப் பயன்படுத்தினால் இவ்விடர் இல்லை. எழுதும்போது தமிழும், கட்டளையிடும்போது வழக்கமான விசையும் தத்தம் இடத்தில் இயங்கும். ஈமாக்ஸில் கன்ட்ரோலும் பின்சாய்கோடும் சேர்ந்து இம்மாற்றத்தைச் செய்கின்றன.

இறுதியாக, ஒவ்வொரு விசைக்கும் அருகில், அமைப்புக் கோப்பிலேயே, அது எதற்காக, எந்நாளில் வகுக்கப்பட்டது என்று தமிழில் ஒரு வரி எழுதினேன். வரியின் தொடக்கத்தில் அரைப்புள்ளி இட்டால் கணினி அதனைப் படியாது. மனிதர் மட்டுமே படிப்பர். ஆண்டுக்கொருமுறை கோப்பைப் படித்து, பயன்படாதவற்றைக் களைந்துவிடுவேன். இன்று நாற்பதுக்கும் குறைவான விசைகளே எஞ்சியுள்ளன. ஒரு பட்டியலை அச்சிட்டு மேசைமேல் ஒட்டியிருக்கிறேன்.

இவ்வொழுங்கின் பயன் எனக்குப் பின்னர்த் தெரியவந்தது. கண்ணில் அறுவை செய்துகொண்டு ஆறு வாரம் திரையைப் பாராதிருக்க நேர்ந்தது. அவ்வேளையில் லாலாகுடாவில் எண்பத்தெட்டு வயது மூதாட்டி ஒருவர், தம் மாமனார் காலத்துச் செய்திகளைச் சொல்ல இசைந்திருந்தார். என் தம்பி மகள் இந்நகரில் பிறந்தவள். பள்ளியில் தெலுங்கும் ஆங்கிலமும் படித்தவள். தமிழ் பேசுவாள், எழுதத் தயங்குவாள். "நான் போய் எழுதிட்டு வரவா பெரியப்பா?" என்று அவளாகவே கேட்டாள். தெலுங்கு எழுத்தை அறிந்தவளுக்கு உயிர் இடக்கை, மெய் வலக்கை என்பது ஒரே மாலையில் விளங்கிவிட்டது. மடிக்கணினியில் என் கோப்பை ஏற்றிக்கொண்டு, பட்டியலைப் பக்கத்தில் வைத்து, நான்கு ஞாயிறுகள் அம்மூதாட்டியின் அருகில் அமர்ந்து எழுதினாள். சில ஒற்றுகள் மிகவில்லை. பெயர்கள் அனைத்தும் சரியாக இருந்தன. மூதாட்டி சொன்ன தெருவும் தொழிலும் அண்ணாவின் ஏட்டில் வட்டமும் வாலுமாக நின்ற ஒரு குறியோடு பொருந்தின. அந்தக் கொல்லரின் பெயர் எங்களுக்குக் கிடைத்தது. அடுத்த மழைக்காலத்தில் அம்மூதாட்டி காலமானார்.

வெளியூரில் வாழும் நம் குடும்பங்களில் இத்தகைய தனிக் குறிகள் எத்தனையோ உள. கணக்கேட்டில் பாட்டி இட்ட சுழிகள், புகைப்படத்தின் பின்புறம் எழுதிய இரண்டெழுத்துகள், மாமா வைத்த கடவுச்சொற்கள் என அவை பலவகை. அவற்றின் பொருளை அறிந்தவர் இருக்கும்போதே அருகில் ஒரு வரி எழுதிவைக்கும்படி வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

கண் தெளிந்தபின் கோப்பைத் திறந்து பார்த்தேன். நான் வகுத்த விசைகளில் ஒன்றை அவள் நீக்கிவிட்டு வேறொன்றை அமைத்திருந்தாள். அருகில் நாளிட்டு, சற்றே பிழையான தமிழில், 'இது பெரியப்பா விரலுக்கு சரி, எனக்கு எட்டவில்லை, அதனால் மாற்றினேன்' என்று எழுதியிருந்தாள். அவ்வரியை நான் திருத்தவில்லை. மேசைமேல் ஒட்டிய பட்டியலில் மட்டும் அவள் விசையை எழுதிச் சேர்த்தேன்.