ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குக் கிளம்பியாச்சா?

அரசினர் தோட்டம் மெட்ரோ ஸ்டேஷனில் இறங்கி, அண்ணா சாலையில் போகிற யாரையாவது நிறுத்தி, 'ரிச்சி ஸ்ட்ரீட் எங்கே சார்?' என்று கேளுங்கள். நடையை நிறுத்தாமலே கையைக் காட்டிவிட்டுப் போவார்கள். அந்த அளவுக்கு ஃபேமஸ். ரேடியோ, டேப் ரிக்கார்டர் பார்ட்ஸ் விற்ற கடைகளோடு ஆரம்பித்த தெரு, இன்றைக்கு மீரான் சாகிப் தெரு, நரசிங்கபுரம் தெரு என்று பக்கத்துச் சந்துகளுக்கும் பரவிக் கிடக்கிறது. எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே பெயர்தான், ரிச்சி ஸ்ட்ரீட்.

பைக்கை எடுத்துட்டுப் போகாதீங்க. நிறுத்த இடம் தேடியே அரை நாள் போய்விடும். ஞாயிற்றுக்கிழமையும் வேண்டாம், பெரும்பாலான கடைகள் ஷட்டரை இறக்கியிருக்கும். என்ன வாங்கணும் என்பதைப் பேப்பரில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். இல்லாவிட்டால் கலர் லைட் எரியும் கீபோர்டோடுதான் திரும்புவீர்கள். நமக்கு இன்றைக்கு அது வேலை இல்லை. ஹாஸ்டல் ரூமுக்கோ, நாலு பேர் சேர்ந்து எடுத்திருக்கும் வாடகை வீட்டுக்கோ ஒழுங்காக நெட் இழுக்கணும், அதை வேறு எவனும் நோண்டாமல் பார்த்துக்கணும். அவ்வளவுதான் லிஸ்ட்.

முதலில் கேபிள். "அண்ணே, முப்பது மீட்டர் நெட்வொர்க் கேபிள்" என்று கேட்டால், "எந்த ரேட்ல வேணும் தம்பி?" என்று பதில் கேள்வி வரும். உஷாராக வேண்டிய இடம் இதுதான். விலை பாதியாக இருக்கும் கேபிளில் பெரும்பாலும் ஓடுவது முழுச் செம்பு அல்ல. உள்ளே அலுமினியம், மேலே மெல்லிசாகச் செம்புப் பூச்சு. பார்க்க ரெண்டும் ஒரே மாதிரி இருக்கும். கம்பியின் நுனியை பிளேடால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் அலுமினியம். ரெண்டு மூணு தடவை மடக்கி நிமிர்த்தினாலே பட்டென்று ஒடிவதும் அதுதான். பக்கத்து ரூம் வரைக்கும் இழுத்தால் வேலை செய்துவிடும். நீளம் கூடக் கூடத்தான் நெட் விட்டு விட்டு வரும். அதே கேபிளில் கேமராவுக்குக் கரன்ட்டும் அனுப்பினால் கம்பி சூடாகும். கேட்-5இ போதும், 100 மீட்டர் வரைக்கும் ஒரு கிகாபிட் வேகம் தாங்கும். ஆனால் 'ப்யூர் காப்பர்' என்று பில்லில் எழுதி வாங்குங்கள். எழுத மாட்டேன் என்றால் அடுத்த கடை நாலடி தூரத்தில்தான் இருக்கிறது.

அப்படியே ஒரு கிரிம்பிங் டூலும், கொஞ்சம் ஆர்ஜே-45 கனெக்டரும் வாங்கிக்கொள்ளுங்கள். கனெக்டர் அடிப்பதை ஒரு தடவை கடைக்காரர் கையில் நின்று பாருங்கள், யூட்யூபில் பத்து தடவை பார்ப்பதைவிட மேல். வரிசை இதுதான்: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பிரவுன், பிரவுன். பச்சை ஜோடியை ஏன் பிரித்து நீலத்துக்கு ரெண்டு பக்கமும் வைக்கிறார்கள் என்று தோன்றும். நிறையப் பேர் அழகாக இருக்கட்டுமே என்று பச்சைக்குப் பக்கத்தில் பச்சை, நீலத்துக்குப் பக்கத்தில் நீலம் என்று அடித்துவிடுகிறார்கள். ரெண்டு முனையிலும் ஒரே மாதிரி அடித்தால் சாதாரண டெஸ்டரில் எட்டு லைட்டும் ஜம்மென்று எரியும். நெட் மட்டும் இழுத்துக்கொண்டே கிடக்கும்! மூன்றாவது, ஆறாவது பின்கள் ஒரே ஜோடியாக முறுக்கப்பட்ட கம்பிகளில்தான் போக வேண்டும். அந்த முறுக்குதான் பக்கத்துக் கம்பியின் இரைச்சலை அடக்குகிறது. அந்த டெஸ்டருக்குக் கம்பி இணைந்திருக்கிறதா என்பது மட்டும்தான் தெரியும், எது எதோடு முறுக்கியிருக்கிறது என்பது தெரியாது.

அடுத்தது ரூட்டர். செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கும், தாராளமாக வாங்கலாம். ஆனால் வாங்கியதும் பின்னாடி இருக்கும் சின்ன ஓட்டையில் ஊசியைவிட்டு, பத்து செகண்ட் அழுத்திப் பிடித்து ரீசெட் செய்யுங்கள். பழைய ஓனரின் நெட் கனெக்‌ஷன் யூசர்நேம், வைஃபை பாஸ்வேர்டு எல்லாம் உள்ளேயே தூங்கிக்கொண்டிருக்கும். நீங்கள் விற்கும்போதும் இதே கதைதான். பிறகு 'அட்மின், அட்மின்' என்ற பாஸ்வேர்டை மாற்றுங்கள், கம்பெனி சைட்டில் புது ஃபர்ம்வேர் இருந்தால் ஏற்றுங்கள், டபிள்யூ.பி.எஸ்.ஸையும் வெளியிலிருந்து நிர்வகிக்கும் வசதியையும் அணைத்துவிடுங்கள். செக்யூரிட்டியில் டபிள்யூ.பி.ஏ.-3 இருந்தால் அது, இல்லாவிட்டால் டபிள்யூ.பி.ஏ.-2.

இந்த ரூட்டரை ஹாஸ்டலுக்கு எடுத்துப் போனால்தான் நிஜமான கூத்து. சுவரிலிருந்து வரும் கேபிளை 'வான்' என்று எழுதிய ஓட்டையில் குத்தணும். அவசரத்தில் 'லேன்' ஓட்டையில் குத்தினால் உங்களுக்கு ஒன்றும் தெரியாது, ஃப்ளோர் முழுக்க நெட் படுத்துவிடும். ஏன்? எல்லா கம்ப்யூட்டரும் ஆன் ஆனதும், 'எனக்கு ஒரு ஐ.பி. அட்ரஸ் கொடுங்கப்பா' என்று நெட்வொர்க் முழுக்கக் கத்தும். வழக்கமாகக் காலேஜ் சர்வர் பதில் சொல்லும். இப்போது உங்கள் ரூட்டரும் 'நான் தர்றேன்' என்று முந்திக்கொள்கிறது. யார் முதலில் பதில் சொன்னார்களோ, அவர்கள் சொன்ன வழியில்தான் அந்த கம்ப்யூட்டர் போகும். அந்த வழியோ முட்டுச்சந்து!

விடிந்தால் ஆன்லைன் டெஸ்ட், நள்ளிரவில் நெட் இல்லை, வார்டன் வரைக்கும் பஞ்சாயத்து. இதைக் கண்டுபிடிக்க பெரிய வித்தை வேண்டாம். விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து, ஐபிகான்ஃபிக் கமாண்டை ஸ்லாஷ், ஆல் சேர்த்துக் கொடுங்கள். 'டீஃபால்ட் கேட்வே', 'டி.எச்.சி.பி. சர்வர்' என்ற ரெண்டு வரியையும் நெட் ஒழுங்காக இருக்கும் நாளிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிரச்னை வரும் நாளில் வேறு நம்பர் இருந்தால், எவனோ நடுவில் புகுந்துவிட்டான் என்று அர்த்தம். 169.254 என்று ஆரம்பிக்கும் அட்ரஸ் வந்தால் யாருமே பதில் சொல்லவில்லை. கேபிளையோ சுவிட்சையோ பாருங்கள். அடுத்து ஏ.ஆர்.பி. மைனஸ் ஏ. புது கேட்வேயின் மேக் அட்ரஸ் தெரியும். அதன் முதல் ஆறு எழுத்தைத் தேடினால் எந்தக் கம்பெனி ரூட்டர் என்று வந்துவிடும். அந்தக் கம்பெனி ரூட்டர் யார் ரூமில் இருக்கிறது என்பது ஃப்ளோரில் எல்லாருக்கும் தெரியும்தானே!

தெரியாமல் குத்தினால் கூத்து. வேண்டுமென்றே குத்தினால்? நெட்டும் நன்றாக வரும், யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். ஆனால் எந்த சைட்டுக்கு எந்த விலாசம் என்று சொல்கிற டி.என்.எஸ். அவன் கையில். பேங்க் பெயரை டைப் அடித்தால் அவன் செய்த போலிப் பக்கத்துக்கு அனுப்பலாம். அப்போது பிரவுசர் சிவப்பாக எச்சரிக்கும். 'அட்வான்ஸ்டு' போய் 'ப்ரொசீட்' அழுத்தும் பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள். காலேஜ் சிஸ்டம் அட்மினிடம், 'சார், சுவிட்ச்ல டி.எச்.சி.பி. ஸ்னூப்பிங் ஆன் பண்ணியிருக்கீங்களா?' என்று மரியாதையாகக் கேளுங்கள். மேனேஜ்டு சுவிட்ச் பலவற்றில் இந்த வசதி இருக்கிறது. போலி சர்வரின் பதிலை அது வாசலிலேயே தடுத்துவிடும்.

தெருவில் இன்னும் கொஞ்சம் உள்ளே போனால் வரிசையாக சிசிடிவி கடைகள். 2016-ல் 'மிராய்' என்ற வைரஸ், கம்பெனி வைத்த பாஸ்வேர்டையே மாற்றாத கேமராக்களையும் ரூட்டர்களையும் தேடித் தேடிப் பிடித்தது. அதன் கையிலிருந்தது வெறும் அறுபத்துச் சொச்சம் யூசர்நேம், பாஸ்வேர்டு ஜோடிகள்! அந்த வருடம் அக்டோபர் 21-ம் தேதி இப்படிப்பட்ட கருவிகள் சேர்ந்து 'டைன்' என்ற டி.என்.எஸ். நிறுவனத்தை அமுக்க, ட்விட்டர், நெட்ஃப்ளிக்ஸ் எல்லாம் பலருக்குத் திறக்கவே இல்லை. மிராயை எழுதிய மூன்று பேரும் உங்கள் செட் வயதுப் பசங்கதான். 2017 டிசம்பரில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். மாட்டிவிட்டுப் போகும் ஆள் வைத்த பாஸ்வேர்டை அவர் கிளம்பியதும் மாற்றுங்கள், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும்.

பழைய லேப்டாப் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கடைக்காரர் போட்டுத் தரும் விண்டோஸை அப்படியே வைத்துக்கொள்ளாதீர்கள். கிராக் செய்ததா, உள்ளே என்ன உட்கார்ந்திருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. வீட்டுக்கு வந்ததும் மைக்ரோசாஃப்ட் சைட்டிலிருந்தே இறக்கிப் புதிதாகப் போடுங்கள். 2017 மே மாதம் உலகத்தையே அலற வைத்த வான்னாக்ரைக்கு மருந்து, மார்ச் மாதமே அப்டேட்டாக வந்துவிட்டது. போடாதவர்கள்தான் மாட்டினார்கள். விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்துவிட்டது. அதனால், 'இந்த மாடல்ல விண்டோஸ் 11 ஏறுமாண்ணே?' என்று கேட்டுவிட்டு விலை பேசுங்கள். ஏறாது என்றால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள், லினக்ஸ் போட்டுக்கொள்ளலாம்.

விற்கப் போகிறவர்களுக்கு: குயிக் ஃபார்மேட் அடித்தால் ஃபைல் அழிவதில்லை. லைப்ரரியில் கேட்டலாக்கைக் கிழித்துப் போட்ட மாதிரிதான், புத்தகம் அலமாரியிலேயே இருக்கும். ஹார்டு டிஸ்க் என்றால் 'குயிக்' டிக்கை எடுத்துவிட்டு முழு ஃபார்மேட் போடுங்கள், மணிக்கணக்கில் ஓடட்டும். எஸ்.எஸ்.டி.க்கு அது போதாது, அதைத் தயாரித்த கம்பெனியே தரும் செக்யூர் இரேஸ் வசதியைப் பயன்படுத்துங்கள்.

கடைசியாக, டேட்டா ரெக்கவரி போர்டு தொங்கும் ஒரு மாடிப்படியைப் பார்ப்பீர்கள். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் சீசனில் அங்கே காத்திருக்கும் முகங்களைப் பார்க்கணுமே! கையில் ஒரு ஹார்டு டிஸ்க், வேறு காப்பி கிடையாது. 'டிக்... டிக்...' என்று சத்தம் வருகிறதே என்று நாலைந்து தடவை ஆன் பண்ணிப் பார்த்துவிட்டு வந்திருப்பார்கள். ஒவ்வொரு தடவை ஆன் பண்ணும்போதும் உள்ளே இருக்கும் தட்டில் கீறல் விழலாம், மீட்க முடிவது குறைந்துகொண்டே போகும். உங்களுக்கு அந்தச் சத்தம் கேட்டால் உடனே வயரைப் பிடுங்குங்கள். அப்புறம் மாடி ஏறுங்கள். 'எவ்வளவு ஆகும்?' என்பதற்கு முன்னால், 'மீட்க முடியலைன்னா காசு உண்டா?' என்று கேளுங்கள்.