குறை எங்கே இருக்கிறது?

ஒரு பொருள் போதவில்லை என்று தோன்றும்போது, போதாமல் இருப்பது எது என்று ஆராய்வோர் சிலர். இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று உடனே புறப்படுவோர் பலர். இந்த அவசரத்தால் வீடுகளில் செலவான பணம் மிகுதி. தீர்ந்த குறையோ சிறிது. இன்றைய இளைஞர் ஆவலோடு கேட்கும் ஒரு சிறு பொருளைக் கொண்டு இதனைச் சற்றே சிந்திக்க விழைகிறோம். மடிக்கணினியின் நினைவகமே அப்பொருள். இளைஞர் அதனை ‘ரேம்’ என்பர்.

அண்மையில் ஒரு குடும்பத்தார் இது பற்றிய வழக்கொன்றை நம்மிடம் கொண்டுவந்தனர். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு பயிலும் மகன், தன் மடிக்கணினியின் நினைவகத்தை 8 ஜிபியிலிருந்து 16 ஜிபியாக உயர்த்தித் தரவேண்டும் என்கிறான். காரணத்தை அவன் மறைக்கவில்லை: விளையாட்டுக்காகத்தான். தந்தை தச்சுத் தொழிலாளி. “விளையாடுறதுக்கு ஒரு செலவா, சாமி?” என்பது அவருடைய கேள்வி. “ஃபாதர், ஆட்டம் நடுவுல நின்னு நின்னு போகுது. கூட ஆடுற பசங்க எல்லார்கிட்டயும் பதினாறு இருக்கு” என்பது மகனுடைய முறையீடு. பணமோ தாயினுடையது. சீட்டுக் கட்டிச் சேர்த்தது; மழைக்காலத்திற்கு முன் அடுக்களைக் கூரையின் தகடுகளை மாற்றுவதற்கென அவர் ஒதுக்கி வைத்திருந்தது. அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: “வாங்கிக் கொடுத்தா சரியாயிடுமா, சாமி? அதை மட்டும் சொல்லுங்க.”

முதலில் தந்தையின் கேள்விக்கு விடை சொல்லியாக வேண்டும். விளையாட்டு தன்னளவில் வீண் என்று நாம் கருதவில்லை. உழைத்த உடலுக்கு ஓய்வு தேவைப்படுவது போல் உழைத்த உள்ளத்திற்கும் ஓய்வு தேவை என்றும், அளவோடு ஆடி மகிழ்வதிலும் ஒரு நற்பண்பு உண்டு என்றும் 13-ஆம் நூற்றாண்டிலேயே புனித தாமஸ் அக்குவினாஸ், அரிஸ்டாட்டிலைப் பின்பற்றி எடுத்துரைத்தார். எனவே, விளையாட்டுக்கு என்ற காரணத்தாலேயே மகனுடைய வேண்டுகோளைத் தள்ளிவிட இயலாது. தாயின் கேள்விதான் கடினமானது. அதற்கு விடை காண நினைவகத்தின் பணி யாதென அறிதல் வேண்டும்.

திருவிழா நாளில் ஊருக்குச் சமைப்பதை நாம் கண்டிருக்கிறோம். பண்டக அறையில் மூட்டை மூட்டையாக அரிசியும் பருப்பும் இருக்கலாம். ஆயினும் சமையற்காரரின் கைக்கெட்டும் தொலைவில் விரித்த பாயில் எவ்வளவு அரிந்து வைக்க முடியுமோ, அவ்வளவுதான் உடனே அடுப்புக்குப் போகும். பாய் நிறைந்துவிட்டால், ஒவ்வொன்றுக்கும் பண்டக அறைக்கு ஆள் ஓடவேண்டும். கணினியில் பண்டக அறையாய் இருப்பது சேமிப்பகம். பாயாய் இருப்பது நினைவகம். நினைவகம் நிறைந்தால், கணினி அதிலுள்ளவற்றில் ஒரு பகுதியைச் சேமிப்பகத்திற்கு மாற்றி, வேண்டும்போது திரும்ப எடுத்து வருகிறது. சேமிப்பகம் எத்துணை விரைவானதாயினும் நினைவகத்திற்கு ஈடாகாது. ஆட்டம் ‘நின்று நின்று’ போவதற்கு இந்த ஓட்டம் ஒரு காரணமாகலாம்.

நினைவகத்தின் ஒவ்வொரு நுண்ணறையும் ஒரு டிரான்சிஸ்டரும் ஒரு மின்தேக்கியும் கொண்டது. ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய இராபர்ட் டெனார்டு 1966-இல் கண்ட எளிய அமைப்பு இது. 1968-இல் இதற்குக் காப்புரிமை கிடைத்தது. மின்தேக்கியில் உள்ள மின்னூட்டம் கசிந்துகொண்டே இருக்கும். ஆதலால் 64 மில்லி நொடிக்கு ஒருமுறையேனும் ஒவ்வோர் அறையையும் புதுப்பிப்பது வழக்கம். மின்சாரம் நின்றால் அனைத்தும் மறைந்துபோம். விரைவைக் கருதியே இத்தகைய மறதிமிக்க நினைவைக் கணினி வைத்துக்கொண்டுள்ளது.

இனி, வழக்கிற்கு வருவோம். மகனையே அமர்த்தி, ஆட்டத்தை ஓடவிட்டு, கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தச் சொன்னோம். விண்டோஸ் கணினியில் ‘டாஸ்க் மேனேஜர்’ என்னும் பலகம் திறந்தது. நினைவகம் ஏறக்குறைய முழுவதும் நிறைந்திருந்தது. மகனுடைய முகம் மலர்ந்தது. அடுத்து, அதனை நிறைத்தவை யாவை என்று பார்த்தோம். அவன் நண்பர்களோடு நாள்தோறும் ஆடும் ‘வாலரண்ட்’ என்னும் ஆட்டம் கேட்கும் குறைந்த அளவு 4 ஜிபிதான். பெரும்பங்கை எடுத்துக்கொண்டவை, பின்னால் திறந்தபடியே கிடந்த முப்பதுக்கு மேற்பட்ட இணையப் பக்கங்களும், கணினியைத் திறந்தவுடன் தாமாகவே எழுந்து நிற்கும் சில செயலிகளும் ஆகும். அவற்றை மூடியபின் ஆட்டம் தடையின்றி ஓடியது.

“ஆனா ‘சைபர்பங்க் 2077’ ஓடாதே, ஃபாதர்” என்றான் அவன். உண்மைதான். 2020-இல் வெளிவந்தபோது அவ்வாட்டத்திற்குக் குறைந்தது 8 ஜிபி போதும் என்றனர். 2023-இல் அதனை 12 ஜிபியாக உயர்த்தினர். பரிந்துரைப்பதோ 16 ஜிபி. ஆயினும் அதே பட்டியல், 6 ஜிபி நினைவகம் உடைய தனி வரைகலை அட்டையையும் கேட்கிறது. இவனுடைய மடிக்கணினியில் தனி அட்டை இல்லை. செயலியோடு இணைந்த வரைகலைப் பகுதி மட்டுமே உண்டு. அதுவும் பொது நினைவகத்திலிருந்தே தன் பங்கை எடுத்துக்கொள்கிறது. நினைவகத்தை இரட்டிப்பாக்கினாலும், இல்லாத அட்டை வந்துவிடாது.

அதற்காக நினைவகம் கூட்டுவது பயனற்றது என்று முடிவு கட்டலாகாது. அதே பலகம், இரண்டு செருகிடங்களில் ஒன்றே பயன்பாட்டில் உள்ளது என்றும் காட்டியது. அளவிலும் வேகத்திலும் ஒத்த இன்னொரு 8 ஜிபி பட்டையைச் செருகினால் தரவு செல்லும் பாதை இரண்டாகும். இணைந்த வரைகலைப் பகுதிக்கு இது கண்கூடான நன்மை தரும். பழைய பட்டையைக் கழற்றி எறிந்து 16 ஜிபி பட்டையொன்றை வாங்கவேண்டிய தேவையும் இல்லை. வாங்குமுன் அறியவேண்டியவை சில உள. டிடிஆர் 4 பட்டை, டிடிஆர் 5 செருகிடத்தில் பொருந்தாது. மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் நினைவகம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருப்பதால் கூட்டவே இயலாது. உறையைத் திறந்தால் உத்தரவாதம் நீங்குமா என்பதையும் கேட்டறிதல் நலம்.

விலையையும் எண்ணவேண்டும். 2025-இன் பிற்பகுதியிலிருந்து நினைவகத்தின் விலை உலகெங்கும் கடுமையாக ஏறியது. செயற்கை நுண்ணறிவுக்கான பெருங்கணினி மையங்கள் கேட்கும் நினைவகத்தைச் செய்வதில் உற்பத்தியாளர்கள் முனைந்ததே முதன்மைக் காரணம். பொது நுகர்வோர்க்கான ‘குரூசியல்’ விற்பனையிலிருந்து விலகுவதாக மைக்ரான் நிறுவனம் 2025 டிசம்பரில் அறிவித்தது. நண்பர்கள் முன்பு வாங்கிய விலையை வைத்து வீட்டில் கணக்குச் சொல்லிய மகனுக்கு, கடையில் கேட்டுவந்த விலை வேறாக இருந்தது.

தாயிடம் நாம் சொன்னது இதுதான்: “அம்மா, தம்பி தினமும் ஆடுற ஆட்டத்துக்கு இருக்கிறதே போதும். ஆசைப்படுற ஆட்டத்துக்கு, வாங்கினாலும் போதாது. இன்னொரு பட்டை போட்டா கணினி நல்லா ஓடும், அது உண்மை. ஆனா அது இன்னிக்கே வேணும்கிறது இல்லை.” அவர் மகனைப் பார்த்தார். அவன் சற்றுநேரம் தலைகுனிந்திருந்து, “தகடு மாத்திடலாம்மா” என்றான். தந்தை ஒன்றும் கூறவில்லை. விடுமுறையில் தம்மோடு பட்டறைக்கு வந்தால் கூலியில் பங்கு தருவதாக மறுநாள் அவனிடம் சொன்னாராம்.

ஒரு வேண்டுகோளை ஆராயாமல் ஏற்பதும், ஆராயாமல் மறுப்பதும் எளிது. முன்னதால் பணம் போகும். பின்னதால் பிள்ளை நம்மிடம் பேசுவதை நிறுத்திவிடுவான். அருகே அமர்ந்து அவனோடு சேர்ந்து பார்ப்பதற்கு ஒரு மாலைப்பொழுது தேவைப்படுகிறது. அந்தப் பொழுதைப் பிள்ளைகளுக்குத் தாராளமாகத் தரும்படி பெற்றோரை அன்போடு வேண்டுகிறோம். தேவை உண்மையென்று தெரிந்தால் மனம் கோணாது வாங்கிக் கொடுங்கள். இல்லையென்று தெரிந்தால், பிள்ளையே அதைத் தன் கண்ணால் கண்டிருப்பான்.